புள்ளி ஒன்று மூன்று

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். போன் சார்ஜர், வைஃபை பெட்டியின் அடாப்டர், லேப்டாப் ஒயரின் நடுவில் செங்கல்போலக் கிடக்குமே அது, இவையெல்லாம் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் தின்கின்றன என்று அளப்பதுதான் வேலை. வேலை செய்யும்போது எவ்வளவு வீணாக்குகின்றன என்றும் அளப்பார்கள். அது பக்கத்து அறை. என் பெஞ்சுக்கு வருவது சும்மா இருப்பவை மட்டும். அடாப்டரைக் கரன்ட்டில் சொருகி, மறுமுனையை எதிலும் மாட்டாமல் தொங்கவிட வேண்டும். அரை மணி நேரம் சூடேறும்வரை காத்திருந்து, அடுத்த ஐந்து நிமிடம் மீட்டரைக் கவனிக்க வேண்டும். சின்ன அடாப்டருக்கு வரம்பு, ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. பாயின்ட் ஒன். அதைத் தாண்டினால் ஃபெயில்.

ஒரு வீட்டில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஊரில் எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை அடாப்டர் என்று யோசித்துப் பார்த்தால் தலை சுற்றும். நான் யோசித்துப் பார்ப்பவள். அதனால் எனக்கு இந்த வேலைமேல் மரியாதை உண்டு.

அறைக்கு ஜன்னல் கிடையாது. காற்று பட்டால் எண் மாறும் என்பதால் ஃபேனும் கிடையாது, பெஞ்சில் காற்றுப் படாமல் ஓர் ஏசி மட்டும் ஓடும். சுவரில் ஒரு வெப்பமானி, பெஞ்சில் ஒரு மீட்டர், ஒரு நாற்காலி. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது உருப்படி பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசினால் எண் மாறாது, ஆனாலும் பேச அங்கே யாரும் வருவதில்லை. பரிசோதனைக்கு வரும் பொருள் எந்தக் கம்பெனியுடையது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு குறியீட்டு எண் ஒட்டி வரும். கம்பெனிப் பெயர் ஆபீஸ் அறையோடு நின்றுவிடும். பாஸானதை மட்டும் உறையைப் பிளந்து, உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அறிக்கையில் சேர்ப்போம். ஃபெயிலானதைப் பிளப்பதில்லை. அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா திருநெல்வேலியிலிருந்து கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்தவர். டவுன்ஷிப்பில் வளர்ந்தேன். அப்பா அம்மா போன பிறகு செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தம்பி குடும்பத்தோடு புனேயில் இருக்கிறான். அவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வந்தால், நான் பின்னாலேயே போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வருவேன். டிவியின் பிளக்கைப் பிடுங்குவேன். "உங்க அக்கா வீட்ல போன் சார்ஜ் போடணும்னா மனு கொடுக்கணும்" என்று தம்பி மனைவி சொன்னது சமையலறை வரை கேட்டது. தப்பாகச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு திருட்டுத்தனம் வைத்திருந்தேன். ஹாலில் அலமாரிக்குக் கீழே ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் எதுவும் மாட்டியிருக்காது. ஆனால் சுவிட்ச் எப்போதும் போட்டிருக்கும். அதன் மூலையில் குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு இருட்டாக இருக்கும். அந்தச் சிவப்பு மட்டும் தெரியும். யாரோ எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அது எவ்வளவு தின்கிறது என்று மட்டும் நான் அளந்து பார்த்ததில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை.

எனக்கு இருந்த ஒரே சிநேகம் இருபது நிமிடச் சிநேகம். காலையில் செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரிக் டிரெயினில் லேடீஸ் பெட்டியில் ஏறுவேன். மறைமலைநகரில் இறங்கிவிடுவேன். அந்தச் சிநேகிதி கருங்குழியிலிருந்து பஸ்ஸில் வந்து, அதே டிரெயின் பிடித்து கிண்டிவரை போகிறவள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அடாப்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றுகிற வேலை. முந்திரிப்பருப்பு நீளத்துக்கு ஒரு பாபின். அதில் தலைமுடி மாதிரிச் செப்புக் கம்பியை, ஒரு சுற்றுமேல் இன்னொரு சுற்று ஏறாமல் சுற்ற வேண்டும். அவள் வீட்டில் அவளுக்கு முந்தியவர்கள் எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். "எங்க வூட்ல ஏசி ரூம்ல குந்திகினு வேல பாக்கற மொத ஆளு நான்தான்க்கா" என்பாள். நானும் ஏசி அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜன்னலோரம் துப்பட்டாவைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாள். டிபன் டப்பாவைத் திறந்து "ஒரு வாய் துன்னுட்டுப் போ, அங்க போயி இருட்டு ரூம்ல குந்திகினு இருக்கப் போற" என்பாள். நான் வேலையைப் பற்றிச் சொன்னால் கவனமாகக் கேட்கிற ஆள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். ஒரு நாள், சுற்றி முடித்ததும் மேலே மஞ்சள் டேப் ஒட்டுவதைப் பற்றிச் சொன்னாள். எல்லாரும் நுனியை அப்படியே அழுத்திவிட்டு விடுவார்களாம். இவள் நுனியைச் சின்ன முக்கோணமாக மடித்து விடுவாளாம்.

"இன்னாத்துக்கு?" என்று அவள் பாஷையிலேயே கேட்டேன்.

"பின்னாடி யார்னா பிரிக்கணும்னா நகத்தால தேடிகினு இருக்க வேணாம்ல. அது மட்டும் இல்லக்கா, பாத்தா நான் சுத்தனதுன்னு எனக்குத் தெரியும்."

அந்த மழைக்காலத்தில்தான் என் பெஞ்சில் மீட்டரோடு இருந்த சாக்கெட் லூசாகிவிட்டது. அடாப்டரைச் சொருகினால் தொங்கும், தொங்கினால் எண் குதிக்கும். புதுசு கேட்டு எழுதிக் கொடுத்தேன். வரவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. பஜாரில் ஒரு கடைக்குப் போய் நானே ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினேன். வீட்டில் இருப்பதைப் போலவே ஒன்று. கடைக்காரர் விளக்கில்லாத மாடலையும் எடுத்துக் காட்டினார். நான்தான் வேண்டாம் என்றேன். ஜன்னலில்லாத அறையில் நாள் பூராவும் உட்காருகிறவளுக்கு ஒரு சின்னச் சிவப்பு விளக்காவது இருக்கட்டுமே என்று தோன்றியது. மறுநாள் காலையில் வழக்கம்போல, எதுவும் மாட்டாமல் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தேன். காட்டியது. பிறகு பாக்ஸை மீட்டரில் மாட்டி, அடாப்டரைப் பாக்ஸில் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் இதைப் படித்ததும் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். எனக்கு அன்று தெரியவில்லை. இருபத்தாறு வருஷ அனுபவம் என்கிற மமதை கண்ணை மறைத்துவிட்டது.

அந்த வாரங்களில் வந்த எண்கள் எல்லாமே கொஞ்சம் கூடுதலாக இருந்தன. பெரும்பாலானவை வரம்புக்குள் ஒட்டி ஒட்டிப் பாஸாகின. இப்போதெல்லாம் சரக்கு மட்டம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். ஒரு வைஃபை அடாப்டர் மட்டும் தாண்டிவிட்டது. மூன்று சாம்பிள் அனுப்பியிருந்தார்கள், மூன்றும் ஒரே மாதிரி. புள்ளி ஒன்று மூன்று. ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து டிரெயினில் அவள் டப்பாவைத் திறக்கவில்லை.

"எங்க அடாப்டரு ஃபெயிலாயிடுச்சுக்கா. லேப்ல இருந்து பேப்பர் வந்துகீது."

"எவ்வளவாம்?"

"பாயின்ட் ஒன் த்ரீயாம். மொதலாளி என் வைண்டிங்தான் சரியில்லன்றாரு. ஆர்டரு கையவுட்டுப் போயிடும்னு கத்தறாரு. நான் இன்னிக்கி நேத்தா சுத்தறேன்? நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுதிய எண். அதைச் சொல்லக் கூடாது என்பது விதி, சொல்லவில்லை. அது சரி. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் எண்ணை ஒருத்தி சந்தேகப்படுகிறாள் என்கிற கோபம் எங்கிருந்தோ வந்தது. "மீட்டர் பொய் சொல்லாதும்மா. எங்கேயாவது உன் கை தவறியிருக்கும். யோசிச்சுப் பாரு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறைமலைநகர் வந்தது. இறங்கினேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. முதல் நாள் உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் வேறு டிரெயின் என்று நினைத்தேன். போன் செய்தால் எடுக்கவில்லை. ஜன்னலோர இடம் தினமும் யாருக்காவது போனது. நான் நின்றுகொண்டு ஏரியைப் பார்த்தேன். இருபது நிமிடம்தானே என்று சொல்லிக்கொண்டேன். அந்த இருபது நிமிடம் போனதில், நாள் முழுவதும் நான் ஒரு வார்த்தை பேசாமலேயே கழிகிறது என்பது தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பால் பாக்கெட் கேட்க வாய் திறந்தபோது குரல் கரகரத்தது. காலையிலிருந்து அதுதான் முதல் பேச்சு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு ஒரு நாள் பெஞ்சில் ஏதோ ஒரு சார்ஜர். அரை மணி நேரம் ஆகி, எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீட்டரில் எண் சட்டென்று இறங்கியது. சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மீண்டும் உட்கார்ந்தபோதுதான் அறையில் ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. ஃபியூஸாகிவிட்டது.

எழுதிக்கொண்டிருந்த எண்ணை அடித்துவிட்டு எழுந்தேன். அப்புறம் பஜாருக்கு ஓடி அதே பாக்ஸ் இன்னொன்று வாங்கி வந்தேன். அதில் எதையும் மாட்டாமல் மீட்டரில் சொருகினேன். விளக்கு எரிந்தது. மீட்டர் புள்ளி பூஜ்யம் ஆறு காட்டியது. இத்தனை நாளும் அடாப்டரோடு சேர்த்து அந்த விளக்கையும் அளந்திருக்கிறேன். புள்ளி ஒன்று மூன்றில் ஆறு என் விளக்கினுடையது. அவளுடையது ஏழுதான்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், கத்தவில்லை. அந்த வாரங்களின் எல்லா அறிக்கையையும் திரும்ப வாங்கச் சொன்னார். சாம்பிள்களைத் திரும்ப வரவழைத்து, வேறு ஆள் மறுபடி அளந்தார். என்னை ஒரு மாதம் ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். அந்த அடாப்டர் பாஸ் என்று புது அறிக்கை போனது. ஆனால் ஆர்டர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாக ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். பேப்பரில் திருத்தியாகிவிட்டது. அவளிடம் நான் சொன்ன வார்த்தையை யார் திருத்துவது?

விடாமல் போன் செய்ததில் ஒரு நாள் அவள் கணவர் எடுத்தார். "அது வேலய வுட்டு நின்னுடுச்சும்மா. திருவிடந்தைல அவங்க அக்கா வூட்டாண்ட கீது. கோயில் வாசல்ல மாலை கட்டிகினு கீது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஈசிஆர் கடற்கரைச் சாலையில் வேறு பஸ். கல்யாணம் ஆகாதவர்கள் போகிற கோயில் அது. மாலை வாங்கிக் கொடுத்து, பூஜை ஆனதும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்ற வேண்டும். இருபத்தெட்டு வயதில் அம்மா என்னையும் அழைத்துப்போய்ச் சுற்ற வைத்திருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், "யாருக்கு, பொண்ணுக்கா, பையனுக்கா?" என்று விசாரித்தாள். "எனக்குத்தான்" என்றேன். அதன்பிறகு அவள் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோயிலுக்கு எதிரில் தார்ப்பாய் போட்ட கடை. அவளும் அவள் அக்காவும் உட்கார்ந்து தொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் விரல்கள் பூவைப் பார்க்காமலேயே கட்டின. என்னைப் பார்த்ததும் நின்றன.

"இன்னாக்கா, மாலை வேணுமா?" என்றாள். கிண்டல் இல்லை. வாடிக்கையாளரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"உங்க அடாப்டரை அன்னைக்கு அளந்தது நான்தான்" என்றேன். விதியாவது ஒன்றாவது.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"நம்பரு சொன்னதும் உன் மூஞ்சி மாறிச்சே. கண்டுபுடிக்க மாட்டனா?"

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கெட், பாக்ஸ், விளக்கு, எல்லாம். விளக்கில்லாத பாக்ஸைக் கடைக்காரர் காட்டியதையும் நான் வேண்டாம் என்றதையும்கூடச் சொன்னேன். வீட்டு ஹாலில் எரிகிற விளக்கை மட்டும் சொல்லவில்லை. அவள் அக்கா பூவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நெஜத்துல எவ்ளோக்கா?" என்றாள் அவள்.

"புள்ளி பூஜ்யம் ஏழு."

"ஏழு." கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப பாஸு" என்றாள்.

"பாஸ். உன் கையில தப்பே இல்ல."

அவள் மறுபடி நாரை எடுத்தாள். தலை நிமிராமலேயே பேசினாள். "மொதலாளி சொன்னப்ப நான் சண்டதான் போட்டேன். வேலய வுட்டுத் தூக்கறன்னாரு, தூக்கிப் பாருன்னேன். அப்பறம்தான் நீ அளந்ததுன்னு தெரிஞ்சிது. அக்கா அளந்தா சரியாத்தான் இருக்கும், நம்ம கைதான் கெட்டுப் போச்சின்னு நானே நின்னுட்டேன். அவுரு தூக்கல."

மன்னித்துக்கொள் என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. சொல்லியிருப்பேன். திரும்பவும் வேலைக்குப் போவாயா என்று கேட்டேன். "தெர்லக்கா. கம்பியத் தொடவே மனசு வரல" என்றாள். பஸ் வந்தது. "ஏறு, அடுத்த வண்டி லேட்டாவும். போன் பண்றேன்" என்றாள்.

போன் வரவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை. ஹாலில் இருக்கும் பாக்ஸை மட்டும் அணைக்கவில்லை. அங்கே நான் எதையும் அளப்பதில்லை, அதனால் எரியட்டும் என்று விட்டுவிட்டேன். டிரெயினில் இப்போதும் அதே பெட்டியில்தான் ஏறுகிறேன். யாரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை.

மீண்டும் பெஞ்சுக்கு வந்து ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். ஒரு குறியீட்டு எண்ணோடு புதிதாக ஓர் அடாப்டர் வந்தது. மீட்டரின் புது சாக்கெட்டில் நேராகச் சொருகினேன். அரை மணி நேரம் உட்கார்ந்தேன். புள்ளி பூஜ்யம் ஆறு. பாஸானதால் உறையைப் பிளந்தேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி மஞ்சள் டேப். அதன் நுனி சின்ன முக்கோணமாக மடிந்திருந்தது.

போனைக் கையில் எடுத்தேன். அவள் பெயர் வரைக்கும் போய், திரும்ப வைத்துவிட்டேன். யாருடைய பொருள் என்று எனக்குத் தெரியக் கூடாது. அதோடு, இந்த முறை பேச வேண்டியது நான் இல்லை. நகத்தால் அந்த மடிப்பைத் தொட்டேன். ஒரே இழுப்பில் பிரிந்துவிடும் என்று தெரிந்தது. பிரிக்கவில்லை.

அறிக்கைக்கு டிரான்ஸ்ஃபார்மரைப் படம் எடுக்க வேண்டும். எப்போதும் மேலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும். அன்று அதைக் கொஞ்சம் திருப்பி வைத்து, மடிப்பு தெரிகிற மாதிரி இன்னொன்றும் எடுத்தேன். அறிக்கை அவளுடைய முதலாளிக்குப் போகும். வைண்டிங் செய்தவளுக்கும் அதைக் காட்டுவார்களா என்று எனக்குத் தெரியாது. காட்டினால், யார் எடுத்த படம் என்று அவளுக்குத் தெரியும்.